அறங்காவலராக முன்வந்தவர்கள்: செபராங் பிறையில் ஒரு கல்வி அறவாரியத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் இயங்கும் ஒரு சிறிய கல்வி அறவாரியத்தில் 2021-க்கும் 2024-க்கும் இடையில் நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களையும் அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன். அந்தக் காலம் முழுவதும் நான் அதன் செயலாளராக இருந்தேன். ஆகவே கீழே வரும் பிழைகள் பெரும்பாலானவற்றில் எனக்கும் பங்குண்டு.

இந்த அறவாரியம் ஒரு தோட்டத்திலிருந்து பிறந்தது. தொண்ணூறுகளில் ஒரு ரப்பர் தோட்டம் வீடமைப்புத் திட்டத்திற்காக விற்கப்பட்டபோது, லயத்து வீடுகளை (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளை) காலி செய்த குடும்பங்கள் தங்களுக்குக் கிடைத்த இழப்பீட்டில் ஆளுக்குக் கொஞ்சம் ஒதுக்கி, பிள்ளைகளின் மேற்படிப்புக்கென ஒரு நிதியை வைத்தன. தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டங்களை வாங்குவதற்கென 1960-இல் அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) செலுத்திப் பங்கு வாங்கிய பெரியவர்கள் சிலர் அவர்களிடையே இருந்தனர். பலர் சேர்ந்து சேமித்த பணத்தைத் தனி ஒருவர் கையில் விட்டுவைக்கக் கூடாது என்ற எண்ணம் அவர்களிடமிருந்துதான் வந்தது. அதனால் நிதியை யாருடைய பெயரிலும் வைக்காமல், அறங்காவலர்களை ஒரு கூட்டமைப்பாகப் பதிவு செய்ய வகைசெய்யும் 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பிரதமர் துறையின் சட்ட விவகாரப் பிரிவில் பதிவு செய்தார்கள்.

இந்தப் பதிவின் தன்மையைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் எழுந்த குழப்பங்களில் பாதி இதிலிருந்து வந்தவை. நம்மவர்களுக்குப் பழக்கமான கோயில் நிர்வாகங்களும் மன்றங்களும் பெரும்பாலும் 1966-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவானவை. அவற்றுக்கு உறுப்பினர்கள் உண்டு. உறுப்பினர்கள் ஆண்டுக் கூட்டத்தில் செயலவையைத் தேர்ந்தெடுப்பார்கள். கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கங்களின் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும். எங்கள் அறவாரியத்திற்கு உறுப்பினர்கள் கிடையாது, தேர்தலும் கிடையாது. இருக்கும் அறங்காவலர்களே புதியவர்களை நியமிக்கிறார்கள். தவறு நடந்தால் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் வாக்களித்து இறக்கிவிட யாருமில்லை என்பதால், நியமிக்கும் நாளிலேயே கவனமாக இருக்க வேண்டிய கட்டாயம் மற்ற இயக்கங்களைவிட இங்கே அதிகம்.

அறவாரியத்தின் அமைப்புப் பத்திரம் நான்கு பக்கம் கொண்டது. ஐந்து பேருக்குக் குறையாமலும் ஒன்பது பேருக்கு மிகாமலும் அறங்காவலர்கள் இருக்க வேண்டும். ஐவர் நேரில் அமர்ந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, நிறையும். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் இருவர் கையொப்பமிட்டால்தான் காசோலை செல்லும். எத்தனை ஆண்டுகள் ஒருவர் பொறுப்பில் இருக்கலாம் என்பதைப் பற்றிப் பத்திரம் ஒன்றும் சொல்லவில்லை. எழுதியவர்கள் அப்போது நாற்பதுகளில் இருந்தவர்கள். முதுமையைப் பற்றி அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

2021: பணம் இருந்தும் கொடுக்க முடியாமல் போனது

2020 தொடக்கத்தில் எங்கள் குழுவில் எழுவர் இருந்தோம். அந்த ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, எங்களில் ஒருவர் மகன் வீட்டில் தங்கக் கோலாலம்பூருக்குப் போயிருந்தார். பிறகு அங்கேயே நிலைத்துவிட்டார். 2021 பிப்ரவரியில் பொருளாளர் காலமானார். ஜூன் மாதம் தலைவருக்குப் பக்கவாதம் வந்து, பேச்சும் வலக்கையும் பாதிக்கப்பட்டன. எஞ்சிய நால்வர் தொலைபேசியிலும் இணையத்திலும் பேசி முடிவெடுத்துக்கொண்டிருந்தோம். அது போதும் என்று நினைத்தோம். நான் பத்திரத்தை எடுத்துப் பார்க்கவில்லை.

இதே காலத்தில் வருமானமும் சரிந்தது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா தனது அடிப்படை வட்டி விகிதத்தை 2020 ஜனவரி முதல் நான்கு முறை குறைத்து, ஜூலையில் 1.75 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தது. எங்கள் நிதி முழுவதும் நிரந்தர வைப்பில் இருந்ததால், வைப்புகள் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்பட்டபோது வட்டி வருமானம் ஏறக்குறையப் பாதியானது. என்ன செய்யலாம் என்று கணக்கறிந்த ஒருவர் குழுவில் இருந்து கேட்டிருக்க வேண்டிய நேரம் அது. காலமான பொருளாளரின் துணைவியார் ஒரு பிஸ்கட் டின்னை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் காசோலைப் புத்தகமும் இரண்டு ஆண்டு ரசீதுகளும் ரப்பர் வளையம் போட்டு அடுக்கப்பட்டிருந்தன. அவர் எவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த ஒழுங்கு அவர் ஒருவருக்கு மட்டுமே புரியும்படி இருந்தது என்பதும் தெரிந்தது.

அந்த ஆண்டு 14 மாணவர்களுக்கு, ஆளுக்கு 1,500 வெள்ளி உபகாரச் சம்பளம் (கல்வி உதவித்தொகை) வழங்குவதாகக் கடிதம் கொடுத்திருந்தோம். பல்கலைக்கழகங்களில் பதிவு நெருங்கிய செப்டம்பர் இறுதியில், காசோலையில் கையெழுத்திட என்னைத் தவிர யாருமில்லை. ஒரு மாணவியின் தாயார் மோட்டார் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று, "ஐயா, கடுதாசி கொடுத்தீங்களே, பணம் எப்ப வரும்?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு தேதி இல்லை.

அடுத்த நாள் நால்வரும் பேசினோம். தலைவர் வீட்டுக்குப் போய், அவர் கையைப் பிடித்துக் கையெழுத்திட வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பிள்ளைகளின் மீதுள்ள அக்கறையில் சொன்னதுதான். ஒரு மணி நேரம் விவாதித்த பிறகு வேண்டாம் என்று முடிவு செய்தோம். எதில் கையெழுத்திடுகிறோம் என்பதை அவர் அறிந்து இடாத கையெழுத்து, அவருடைய கையெழுத்தே ஆகாது. நாளை அவர் குடும்பத்தார் கேட்டால் பதில் இராது. இருபது ஆண்டுகள் ஒரு காசுக்கும் பழி வராமல் இருந்த மனிதரின் பெயரை அவர் படுக்கையில் இருக்கும்போது நாங்கள் கெடுக்கக் கூடாது. இந்த முடிவால் பிள்ளைகள் காத்திருந்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் அந்த முடிவு சரியானதென்றே இன்றும் கருதுகிறேன்.

அன்றிரவு பத்திரத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். ஐவர் நேரில் அமராமல் பிப்ரவரி முதல் நாங்கள் நடத்திய கூட்டங்கள் எதுவும் செல்லாது என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த 14 கடிதங்களுமே செல்லாத கூட்டமொன்றில் முடிவானவை.

முதல் அழைப்பு

புதிய அறங்காவலர்கள் தேவை என்று செப்டம்பர் நடுப்பகுதியிலேயே ஓர் அறிவிப்பை வெளியிட்டிருந்தோம். "சமூகத் தொண்டில் ஆர்வமுள்ளோர் எங்கள் அறவாரியத்தில் அறங்காவலராகப் பணியாற்ற முன்வருமாறு அன்புடன் அழைக்கிறோம்" என்ற ஒரே வாக்கியமும் என் தொலைபேசி எண்ணும் அதில் இருந்தன. கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் அனுப்பினோம். தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடம் கொடுத்தோம். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்க, நாங்கள் கொடுத்தது எங்களுக்குத் தலைமையாசிரியரைத் தெரிந்த மூன்றில் மட்டும்.

பதினாறு பேர் பெயர் கொடுத்தார்கள். நமக்காக இத்தனை பேர் முன்வந்தார்களே என்று மகிழ்ந்தோம். ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசியபோது கண்டவை வேறு. பதினாறில் இருவர் மட்டுமே பெண்கள். "தேர்தல் எப்போது, யார் எதிர்த்துப் போட்டியிடுகிறார்கள்?" என்று மூவர் கேட்டார்கள். 1906-ஆம் ஆண்டிலிருந்து கோயில் சொத்துகளை நிர்வகித்துவரும் இந்து அறப்பணி வாரியத்தில் இடம் கிடைக்கிறது என்று ஒருவர் எண்ணியிருந்தார். பெரும்பாலோர் மனத்தில் இருந்தது, ஆண்டுக்கொரு முறை மேடையில் நின்று மாணவர்களுக்குக் காசோலை வழங்கும் காட்சி. கணக்கைப் பார்க்கலாமா என்று கேட்டவர்கள் மூவர். அவர்களில் இருவர்தான் அந்தப் பெண்கள்.

இதில் அவர்கள் குற்றம் ஏதுமில்லை. நாங்கள் கேட்டது ஆர்வத்தை. அவர்கள் கொடுத்ததும் ஆர்வத்தைத்தான். வேலை என்னவென்று அறிவிப்பில் ஒரு சொல்கூட இல்லை.

அக்டோபர் 11 முதல் தடுப்பூசி முழுமையாகப் போட்டவர்கள் மாநிலம் விட்டு மாநிலம் செல்லலாம் என்று அரசாங்கம் அறிவித்ததால், கோலாலம்பூரில் இருந்த அறங்காவலரை வரவழைக்க முடிந்தது. மாதக் கடைசி ஞாயிறன்று அவர் பேருந்தில் பட்டர்வொர்த் வந்து இறங்கினார். ஐவர் அமர்ந்தோம். முதலில் பழைய முடிவுகளை ஒவ்வொன்றாகப் படித்து மீண்டும் விவாதித்து உறுதிப்படுத்தினோம். பிறகு மூன்று புதிய அறங்காவலர்களை நியமித்தோம். ஒரே மாலையில் இரண்டையும் செய்தது அவசரத்தால். நியமித்தவர்கள் மூவரையும் வயதும் மரியாதையும் பார்த்தே தேர்ந்தெடுத்தோம்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், குத்தகையாளர் (ஒப்பந்தக்காரர்) ஒருவர், கோயில் ஒன்றின் பொருளாளர். கணக்கு கேட்ட அந்த இரு பெண்களின் பெயரும் பட்டியலில் இருந்தன. யாரும் அவற்றை எடுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

வங்கியில் கையொப்பதாரர்களை மாற்ற ஏறக்குறைய இரண்டரை மாதங்கள் பிடித்தன. தீர்மானத்தின் நகல், பழைய பொருளாளரின் மரணச் சான்றிதழ், புதியவர்களின் அடையாள அட்டை என ஒவ்வொன்றும் தனித்தனி நாளில் கேட்கப்பட்டன. எல்லோரும் ஒரே நேரத்தில் நேரில் வர வேண்டும் என்பது கடைசியில் சொல்லப்பட்டது. 2022 ஜனவரி இரண்டாம் வாரத்தில் காசோலைகள் மாணவர்களைச் சென்றடைந்தன. பதின்மூவர் எப்படியோ கடன் வாங்கிப் பதிவு செய்திருந்தார்கள். வாசலில் வந்து நின்ற அந்தத் தாயாரின் மகள் ஒரு தவணையை ஒத்திவைத்திருந்தாள்.

மூன்று மாதங்களில் வெளிப்பட்டவை

குத்தகையாளர் இரண்டு கூட்டங்களுக்கு வந்தார். நல்ல மனிதர், பேச்சில் தெளிவு உண்டு. இரண்டாவது கூட்டத்தில், அறவாரியப் பணம் தவறாகச் செலவானால் அறங்காவலர்கள் அனைவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் அதற்குப் பொறுப்பாக நேரலாம் என்பதைத் தலைமையாசிரியர் பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். "இதை யாரும் எனக்கு முன்னாடி சொல்லலையே" என்றார் குத்தகையாளர். மறுவாரம் விலகல் கடிதம் வந்தது. அவர் கேட்டது நியாயம். நியமிக்கும் முன்பே அதைச் சொல்லியிருக்க வேண்டியவன் செயலாளர்.

கோயில் பொருளாளரின் தம்பி மகள் அடுத்த சுற்றுக்கு விண்ணப்பம் போடப் போவதாகத் தெரிந்தது. விண்ணப்ப விதிகளைப் பற்றிய விவாதத்தின்போது அவர் அறையிலேயே இருந்தார். மதிப்பெண் வரம்பைக் குறைக்கலாம் என்று கருத்தும் சொன்னார். உள்நோக்கம் எதுவும் இருந்திருக்காது. ஆனால் வெளியே இரண்டு பேர் அதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

இதற்கிடையில் தலைவர் ஓரளவு தேறி, தம் முடிவைத் தாமே தெளிவாகச் சொல்லி விலகினார். கோலாலம்பூர்க்காரரும் விலகினார். ஒன்பதாக இருந்த எண்ணிக்கை ஆறானது. 2022 மார்ச் மாதக் கூட்டத்திற்கு நால்வர் வந்தோம். ஆறு மாதத்துக்கு முன் எங்கே நின்றோமோ அங்கேயே மறுபடி நின்றோம். கூட்டத்தைத் தொடங்காமலேயே கலைந்தோம்.

இரண்டாம் முறை எடுத்த முடிவுகள்

ஏப்ரலில் ஐவர் கூடி மூன்று முடிவுகள் எடுத்தோம். முதலாவது, வேலையை எழுதி வைப்பது. தலைமையாசிரியரும் நானும் இரண்டு பக்கத்தில் ஒரு தாள் தயாரித்தோம். ஆண்டுக்கு நான்கு கூட்டங்கள். தேர்வு முடிவு வந்த பிறகு ஆறு வாரம் விண்ணப்பப் பாரங்களைப் படிப்பது. இரண்டு சனிக்கிழமைகள் நேர்முகம். ஆளுக்கு நான்கைந்து வீடுகளுக்குச் சென்று பார்ப்பது. வங்கிக்கு வேலை நாளில் வர நேரிடலாம் என்பது. சன்மானமோ பயணச் செலவோ கிடையாது என்பது. கூட்டுப் பொறுப்பு என்றால் என்னவென்பது. அறவாரியத்தோடு எந்த வியாபாரமும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது. எல்லாவற்றையும் பள்ளிக்கூடத் தமிழில், ஒரு பாட்டிக்கும் புரியும்படி எழுதினோம். மேடையில் நின்று காசோலை வழங்குவது பற்றியும் ஒரு வரி சேர்த்தோம்: அதை இனி மாணவர்களின் பழைய ஆசிரியர்கள் செய்வார்கள் என்று.

இரண்டாவது, முன்வருபவர்கள் நியமனத்திற்கு முன் இரண்டு கூட்டங்களில் வாக்கில்லாமல் அமர்ந்து பார்க்க வேண்டும் என்பது. எங்களைப் பற்றி அவர்களும், அவர்களைப் பற்றி நாங்களும் தெரிந்துகொள்ள வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது, உறவு இருந்தால் எழுத்தில் அறிவித்துவிட்டு அறையை விட்டு வெளியேறுவது. வெளியேறிய நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் கூட்டக் குறிப்பில் எழுதுவது. இதில் கோயில் பொருளாளர் மனம் வருந்தினார். "அப்போ என் மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார். தலைமையாசிரியர் அவரைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினார். அந்தப் பெண் நன்றாகப் படிக்கிறவள். தகுதியால் உதவி பெற்றாலும், பெரியப்பா வாங்கிக் கொடுத்தது என்று ஆயுளுக்கும் ஊர் சொல்லும். நீங்கள் எழுந்து வெளியே போவது அவளுக்காகத்தான் என்று சொன்னதாக அறிந்தேன். அவர் ஏற்றுக்கொண்டார். அந்த ஆண்டு அவள் விண்ணப்பம் மற்றவர்களின் மதிப்பீட்டில் நான்காவதாக வந்து, உதவி கிடைத்தது. ஊரில் எந்தப் பேச்சும் எழவில்லை.

புதிய தாளுடன், முன்பு நியமிக்கப்படாத பதின்மூவரையும் நான் மீண்டும் அழைத்தேன். கூடவே, கடந்த ஆண்டுகளில் எங்களிடம் உதவி பெற்றுப் படித்து முடித்தவர்களுக்குக் கடிதம் எழுதினோம். அறிமுகக் கூட்டத்திற்கு ஒன்பது பேர் வந்தார்கள். எழுவர் பார்வையாளராக அமர ஒப்புக்கொண்டார்கள். பதினாறு எழுவராகக் குறைந்ததைக் கண்டு எங்களில் ஒருவர் கவலைப்பட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் அந்த எழுவரும் தாளைப் படித்துவிட்டு வந்தவர்கள்.

அவர்களில் ஒருவர், முதல் அழைப்பிலேயே கணக்கைக் கேட்டு நாங்கள் கவனிக்காமல் விட்ட பெண். பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்பவர். அவர் மறுபடி வந்தது எங்கள் பெருமையால் நடந்ததன்று, அவருடைய பெருந்தன்மையால். ஞாயிறு காலை பத்து மணி என்ற எங்கள் வழக்கமான நேரம் பிள்ளைகளை வகுப்புகளுக்குக் கொண்டுபோய் விடும் தாய்மார் யாருக்கும் ஒத்துவராது என்று அவர் சொன்ன பிறகுதான், இத்தனை ஆண்டுகள் குழுவில் பெண்கள் ஏன் இல்லை என்பதற்கு ஒரு காரணம் எங்களுக்குப் புரிந்தது. கூட்டத்தைச் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மாற்றினோம். தீவிலிருந்து பாலம் கடந்து வருபவர்களுக்கும் அது எளிதாயிற்று.

பார்வையாளராக அமர்ந்த முதல் கூட்டத்திலேயே அவர் பிஸ்கட் டின்னை வாங்கிப் போனார். இரண்டு ஆண்டுக் கணக்குகள் தணிக்கைக்குப் போகவே இல்லை என்பதைக் கண்டுபிடித்தார். நன்கொடையாளர்களுக்கு வரிவிலக்கு ரசீது கொடுக்க, 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6)-ஆம் பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்றிருந்தோம். தணிக்கை தேங்கிக் கிடந்தால் அந்த அங்கீகாரமே ஆபத்துக்குள்ளாகலாம் என்று விளக்கினார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் மூன்று மாதத்தில் கணக்கை ஒழுங்குபடுத்தித் தணிக்கையாளரிடம் ஒப்படைத்தார். அப்போது அவர் அறங்காவலர்கூட இல்லை.

நன்கொடையும் நாற்காலியும்

ஜூலையில் ஒரு வியாபாரி 20,000 வெள்ளி தருவதாகச் சொன்னார். வட்டி குறைந்திருந்த அந்த ஆண்டில் அது எங்களுக்குப் பெரிய தொகை. இரண்டு நாள் கழித்து மறுபடி அழைத்து, தம் மகனுக்குக் குழுவில் இடம் வேண்டும் என்றார். மகன் வரட்டும், தாளைப் படிக்கட்டும், இரண்டு கூட்டங்களில் அமரட்டும், மற்றவர்களைப் போலவே பரிசீலிக்கிறோம் என்று பதில் சொன்னோம். "இவ்வளவு கொடுக்கிறவனுக்கு ஒரு நாற்காலி இல்லையா?" என்று கேட்டவர், பிறகு தொடர்பு கொள்ளவில்லை.

அந்தப் பணம் வரவில்லை. அந்த ஆண்டு தகுதியுள்ள விண்ணப்பதாரர் சிலருக்கு இல்லை என்று கடிதம் எழுத வேண்டியிருந்தது, எழுதியவன் நான். ஒரு நாற்காலிக்கு விலை வைத்தால் அடுத்த நாற்காலிக்கும் விலை கேட்பார்கள் என்பது எங்கள் முடிவுக்கான காரணம். அந்தப் பிள்ளைகளுக்கு இந்தக் காரணத்தால் ஒரு பயனும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பெரியவரோடு வீடு வீடாக

பழைய அறங்காவலர்களில் மூத்தவர், அந்தத் தோட்டத்திலேயே பால்மரம் வெட்டியவர் (ரப்பர் பால் எடுத்தவர்). புதியவர்கள் வருவதில் அவருக்குத் தயக்கம் இருந்தது. "ஒவ்வொரு வெள்ளியா சேர்த்தது தம்பி" என்று அடிக்கடி சொல்வார். ஆலோசகர் என்ற பட்டம் கொடுத்து அவருக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று நாங்கள் பேசியதைக் கேள்விப்பட்டு, பட்டம் வேண்டாம் என்றார். வீட்டுப் பார்வைக்குப் புதியவர்களைத் தம்மோடு அனுப்பச் சொன்னார்.

2021-ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) முடிவுகள் 2022 ஜூன் நடுவில்தான் வெளிவந்தன; அதனால் வீட்டுப் பார்வை ஜூலையிலும் ஆகஸ்டிலும் நடந்தது. பார்வையாளர்கள் இருவர் இருவராக அவரோடு போனார்கள். அவர்கள் திரும்பி வந்து எழுதிய குறிப்புகளைப் படித்தபோது, எங்கள் விண்ணப்பப் பாரம் எவ்வளவு குருடானது என்று உணர்ந்தேன். பாரம் கேட்பது குடும்ப வருமானம். பெரியவர் கவனிப்பதோ வேறு: வீட்டில் படுக்கையில் யாராவது இருக்கிறார்களா, பிள்ளை படிக்க மேசை எங்கே இருக்கிறது, தண்ணீர்க் கட்டணச் சீட்டு யார் பெயரில் வருகிறது, தாய் பதில் சொல்லும்போது தகப்பன் முகத்தைப் பார்க்கிறாளா. ஒரு வீட்டில் பாரத்தில் எழுதியிருந்த வருமானம் வரம்புக்கு மேல் இருந்தது. ஆனால் தகப்பன் பாதி நாள் வீட்டுக்கே வருவதில்லை என்பதை, ஒரு கேள்வியும் கேட்காமல் அவர் தெரிந்துகொண்டார். அந்த வீட்டுப் பெண்ணைப் பட்டியலில் சேர்த்தோம். இன்னொரு வீட்டில் எல்லாமே பாரத்தில் சரியாக இருந்தும், வாசலில் நின்ற காரைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் தேநீர் குடித்துவிட்டு வந்தார். வெளியே வந்த பிறகு, அந்தக் கார் வாடகைக்கு ஓட்டுவது, கடன் இன்னும் முடியவில்லை என்று சொன்னார். தன்னுடன் வந்த இளைஞர் அவர்களை வசதியானவர்கள் என்று எழுதப் போயிருந்தார்.

இதை எழுத்தில் பிடிக்க முயன்றோம், முழுவதும் பிடிபடவில்லை. வீட்டுப் பார்வைக்கு எப்போதும் பழையவர் ஒருவரும் புதியவர் ஒருவரும் சேர்ந்தே போக வேண்டும் என்ற வழக்கத்தை அதனால்தான் வைத்தோம்.

பின் நடந்தவை

2022 டிசம்பரில் எழுவரில் மூவரை நியமித்தோம். கணக்குப் பிரிவில் இருந்தவர் பொருளாளரானார். அவர்கள் பெயர் விவரங்களைச் சட்ட விவகாரப் பிரிவுக்கு அனுப்பினோம். கையொப்பதாரர்களின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து நான்காக உயர்த்தினோம். 2023-இல் ஒரு வழக்கறிஞரின் உதவியோடு அமைப்புப் பத்திரத்தில் திருத்தம் கொண்டுவந்தோம்: ஒருவருக்கு மூன்று ஆண்டுத் தவணை, தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் இல்லை. அதே ஆண்டு பெரியவரும் இன்னொரு பழைய அறங்காவலரும் ஓய்வு பெற்றார்கள். பார்வையாளராக இருந்த மேலும் இருவர் அந்த இடங்களுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் உபகாரச் சம்பளத்தில் தாதிமைப் பயிற்சி முடித்தவர்.

2022 டிசம்பர் முதல் கோரம் இல்லாமல் எந்தக் கூட்டமும் கலையவில்லை. 2023-லும் 2024-லும் காசோலைகள் பதிவுத் தேதிக்கு முன்பே மாணவர்களின் கையில் இருந்தன.

எழுவரில் மற்ற இருவரை இழந்தோம். ஒருவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. இன்னொருவர் ஓர் ஆசிரியை. முதல் அழைப்பில் கணக்கைக் கேட்ட மற்றொரு பெண். இரண்டு கூட்டங்களில் அமர்ந்தார். கேள்விகள் ஆழமாக இருந்தன. ஆனால் ஆண்டுக்கு நான்கே கூட்டங்கள் என்பதால், இரண்டு கூட்டங்கள் அமர்ந்து, அடுத்த கூட்டத்தில் நியமனம் என்று வர எட்டு மாதங்கள் ஆயின. அதற்குள் வேறோர் இயக்கம் அவரை அழைத்துப் பொறுப்புக் கொடுத்துவிட்டது. நாங்கள் இரண்டு முறை அவரைக் காக்க வைத்தோம். இரண்டாம் முறை அவர் காத்திருக்கவில்லை.

இன்று செய்வதானால்

பார்வையாளர் என்ற ஏற்பாட்டை விடமாட்டேன். ஆனால் கூட்டங்களுக்காகக் காத்திருக்க வைக்க மாட்டேன். ஒரு கூட்டமும் இரண்டு வீட்டுப் பார்வையும் போதும்; மூன்று மாதத்தில் முடிவு சொல்லிவிட வேண்டும். நியமிக்கவில்லையென்றால் அதையும் காரணத்தோடு சொல்ல வேண்டும். முதல் அழைப்பில் பெயர் கொடுத்து நியமிக்கப்படாத பதின்மூவருக்கு நாங்கள் ஆறு மாதம் ஒரு பதிலும் அனுப்பவில்லை. தொண்டு செய்ய முன்வந்த ஒருவருக்கு அதைவிடப் பெரிய அவமரியாதை வேறு இருக்க முடியாது.

கையொப்பதாரர் ஒருவர் நோயுற்றாலோ காலமானாலோ இரண்டு வாரத்திற்குள் கூட்டம் கூட்ட வேண்டும் என்ற விதியை 2021-க்கு முன்பே வைத்திருக்க வேண்டும். இப்போது வைத்திருக்கிறோம். கணக்கு யாராவது ஒருவருக்கு மட்டும் புரியும்படி இருப்பதை இனி ஏற்பதில்லை. பொருளாளரும் செயலாளரும் காலாண்டுக்கு ஒருமுறை ஒன்றாக அமர்ந்து பார்க்கிறார்கள். இணையவழிக் கூட்டம் பற்றிப் பத்திரம் இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை. விவாதத்தை இணையத்தில் நடத்தினாலும் முடிவை நேரில் எடுக்கிறோம். இதைத் திருத்தாமல் விட்டது 2023 திருத்தத்தின் குறை.

அறிவிப்பை எங்கே கொடுப்பது என்பதிலும் மாற வேண்டும். மூன்று பள்ளிகளில் தொடங்கி இப்போது பதினொன்றுக்கு வந்திருக்கிறோம். தீவுப் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து இதுவரை ஒருவர் மட்டுமே முன்வந்திருக்கிறார்.

புதிய தவணை விதியின்படி என்னுடைய பொறுப்பு 2026-இல் முடிகிறது. செயலாளர் வேலைக்கு வரக்கூடியவர்கள் என்று இருவர் இப்போது பார்வையாளராக அமர்கிறார்கள். அவர்களில் ஒருவர் சென்ற கூட்டத்தில் அமைப்புப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் போனார்.